பாட்டு வகுப்பில் கிண்டல்: புதுப்பிப்பு

பாளையங்கோட்டைப் பக்கம் எங்கள் பள்ளியில், பாட்டு வகுப்பில் ஒருவன் சுருதி விலகினால் மற்றவர்கள் சிரிக்கிறார்கள், அதனால் பாதிப் பேர் வாயே திறப்பதில்லை, என்ன செய்யலாம் என்று போன பருவத்தில் கேட்டிருந்தேன். இப்போது நிலைமை நன்றாகவே மாறியிருக்கிறது.

வில்லுப்பாட்டை எடுத்தோம். நம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கோயில் கொடையில் கேட்டுப் பழகியதுதான். முன்பாட்டுக்காரர் ஒரு வரி பாட, மற்றவர்கள் அதை வாங்கிப் பாடி 'ஆமா' போட வேண்டும், அதனால் பாடுகிறவனைத் தாங்கிப் பிடிப்பதே மற்றவர்களின் வேலையாகிவிடுகிறது, சிரிக்க எங்கே நேரம்? வில், உடுக்கை, குடம், ஜால்ரா என்று பாடத் தயங்குகிறவன் கைக்கும் ஒன்று கிடைக்கும். முறை வைத்து எல்லாவற்றையும் மாற்றுகிறோம், முன்பாட்டும் சேர்த்து.

அப்புறம் குரல் உடைகிற விஷயம். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பையன்களுக்குக் குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி, அதாவது மேல் ச-விலிருந்து கீழ் ச வரையுள்ள தூரம், கீழே இறங்கும். இதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, 5 கட்டையில் (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு) திணறுகிறவர்களுக்கு 1 கட்டைக்குச் சுருதியை இறக்கினேன். எல்லா ஆசிரியர்களும் இதைப் பாட்டு வகுப்பின் முதல் நாளிலேயே சொல்லிவிட வேண்டும், பிள்ளைகள் தங்கள் குறை என்று நினைத்து ஒதுங்கிப் போகிறார்கள்.

தப்பைத் திருத்தவே கூடாதா என்று ஒரு அண்ணாச்சி கேட்டிருந்தார். திருத்துகிறோம் அண்ணாச்சி, ஆனால் எங்கே விலகியது என்று பாடியவனே முதலில் சொல்வான், பிறகுதான் மற்றவர்கள்.