டிசம்பரில் தாஜ்மஹால்: விடியற்காலைப் படத்துக்கு எங்கே நிற்பது?

கேள்வி:
டிசம்பர் கடைசி வாரம் அம்மா அப்பாவோடு ஆக்ரா போகிறேன். தாஜ்மஹாலை விடியற்காலையில் படமெடுக்க ஆசை. கையில் கிட் லென்ஸ் (கேமராவோடு சேர்ந்தே வரும் சாதாரண லென்ஸ்) போட்ட கேமராவும் டிரைபாடும் இருக்கின்றன. பனிமூட்டத்தில் ஒன்றும் தெரியாது என்கிறார்களே, ஜூனுக்குத் தள்ளிப்போடலாமா? உள்ளே போனதும் எங்கே நிற்பது?

பதில் 1:
வெள்ளிக்கிழமை மூடியிருக்கும், முதலில் தேதியைப் பாருங்கள். டிரைபாடை உள்ளே விடமாட்டார்கள், அறையிலேயே வைத்துவிடுங்கள்.

பதில் 2:
தள்ளிப்போடாதீர்கள் தம்பி. தாஜ் தெற்குப் பார்த்த கட்டடம், அதன் முதுகு யமுனைப் பக்கம். டிசம்பரில் சூரியன் நன்றாகத் தெற்கே தள்ளி உதிக்கும். அதனால் காலை வெயில் முகப்பில் சாய்வாக விழும். ஜூனில் வடக்கே தள்ளி உதிப்பதால் விடியும்போது முகப்பு நிழலில் கிடக்கும். அப்போது போகிறவர்கள் அக்கரையில் மெஹ்தாப் பாக் தோட்டத்திலிருந்து எடுப்பதுதான் நல்லது.

சூரியன் உதிக்க அரை மணி முன்பே திறந்துவிடுவார்கள். பெரிய நுழைவாயிலின் வளைவுக்குள் எல்லோரும் கூட்டமாக நிற்பார்கள். நீங்களும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் நல்ல வெளிச்சத்தை அங்கேயே செலவழித்துவிடாதீர்கள். நேராக தாஜ் நிற்கும் மேடைக்கு மேலே போங்கள். அதற்கு 200 ரூபாய் தனிச்சீட்டு, கண்டிப்பாக வாங்குங்கள். வளைவுகளின் உட்சுவரில், கீழ்ப்பகுதியில், பளிங்கிலேயே பூச்செடிகளைப் புடைப்பாகச் செதுக்கியிருக்கிறார்கள். வெளிச்சம் நேராக அடித்தால் வெறும் வெள்ளைச் சுவர் மாதிரி இருக்கும். பக்கவாட்டில் வந்தால் ஒவ்வொரு இதழின் ஓரத்திலும் மெல்லிய நிழல் விழும். தண்டின் வளைவு, பாதி மடிந்த இலை, தலை சாய்ந்த பூ, எல்லாம் எழுந்து வரும். குவிமாடத்தை எல்லோரும் எடுக்கிறார்கள். அந்தச் சிற்பிகளின் கைவேலைக்கு முன் யாரும் நிற்பதில்லையே என்று எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

பனி இறங்கியிருந்தால் மேற்கே மசூதிப் பக்கம் போங்கள். இருண்ட செம்மணற்கல் வளைவுக்குள் நின்று எடுத்தால் பனிக்குள் தாஜ் வெளிர் உருவமாக வரும். கேமராவை ஆட்டோவில் விட்டால் அது வெள்ளையைச் சாம்பலாக்கிவிடும், எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +0.7 அல்லது +1 ஏற்றிவிடுங்கள். டிரைபாட் இல்லையே என்று கவலை வேண்டாம், ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளியுணர்வு அளவை) தைரியமாக 1600 வையுங்கள்.

பதில் 3:
அம்மா அப்பா கூட வருவதால் ஒரு விஷயம். பெட்ரோல், டீசல் வண்டிகளை வாசல் வரை விடமாட்டார்கள். கிழக்கு வாசலுக்கு, வண்டி நிறுத்துமிடமான ஷில்ப்கிராமில் இறங்கி பேட்டரி வண்டி பிடியுங்கள். குளிர் கடுமையாக இருக்கும், காதை மூட மஃப்ளர் எடுத்துப்போங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி அண்ணா! கல்லறை மண்டபத்துக்குள் எடுக்கலாமா?

பதில் 2:
உள்ளே படமெடுக்க அனுமதி இல்லை. கேமராவை பையில் போட்டுவிட்டு, கல்லறையைச் சுற்றியுள்ள பளிங்குச் சல்லடைத் தடுப்பை அம்மா அப்பாவோடு நின்று நிதானமாகப் பாருங்கள். ஊர் திரும்பியதும் அந்தப் பூச்செடிப் படங்களை இங்கே போடுங்கள் தம்பி, ஆவலாக இருக்கிறேன்.