விமானத்தில் காதுக்கு அமைதி தந்த ஹெட்ஃபோன் எது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நெடும்பயணி

இன்னும் இரண்டு வாரத்தில் பதினான்கு மணி நேரப் பயணம் ஒன்று வருகிறது. இந்த முறை நல்ல நாய்ஸ் கேன்சலிங் (வெளி இரைச்சலை அடக்கும்) ஹெட்ஃபோன் இல்லாமல் ஏறுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் இறக்கைக்குப் பின்னால் இருக்கை கிடைத்தது. கையில் இருந்தது சாதாரண வயர் இயர்ஃபோன். படம் போட்டேன், வசனம் பிடிபடவில்லை. சத்தத்தைக் கூட்டினேன், இன்னும் கூட்டினேன், கடைசியில் முழு அளவுக்கே போய்விட்டது. அப்படியே மூன்று படம் பார்த்தேன். இறங்கிய பிறகு காதுக்குள் ஒரு ரீங்காரம். மறுநாள் இரவுதான் அடங்கியது. அதுவரை உண்மையாகவே பயந்துபோயிருந்தேன்.

அப்புறம்தான் படித்துப் பார்த்தேன். விமானம் உயரத்தில் சீராகப் பறக்கும்போது உள்ளே சுமார் 80 முதல் 85 டெசிபல் இரைச்சல் இருக்கும். வேலை செய்யும் இடங்களுக்கு அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் சொல்லும் வரம்பு 85 டெசிபலில் எட்டு மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகிறது. 88 என்றால் நான்கு மணி, 91 என்றால் இரண்டே மணி. வசனம் கேட்க வேண்டுமென்று நான் வைத்த ஒலி விமான இரைச்சலையும் தாண்டித்தான் இருந்திருக்கும். இரைச்சலைக் குறைத்துவிட்டால் படத்தின் ஒலியையும் குறைவாகவே வைத்துக்கொள்ளலாம், எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

நான் மூக்குக்கண்ணாடி போடுபவன். ஒருக்களித்துச் சாய்ந்துதான் தூங்குவேன். விளம்பரத்தில் வராத விஷயங்களைச் சொல்லுங்கள்.

தடித்த பிரேம்

கண்ணாடி என்று சொன்னதால் உடனே எழுதுகிறேன், இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

நானும் மதிப்புரைகளை எல்லாம் படித்து, இரைச்சல் நீக்கத்தில் முதலிடம் என்று எல்லோரும் சொன்ன ஒன்றை வாங்கினேன். விமானத்தில் போட்டால் இரைச்சல் பாதிதான் குறைந்தது. பழுதான ஒன்றைக் கொடுத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். நான்கு மணி நேரம் கழித்து, தூங்கலாம் என்று கண்ணாடியைக் கழற்றினேன். சட்டென்று யாரோ கதவைச் சாத்தியதுபோல் எல்லாம் அடங்கிவிட்டது. என் கண்ணாடியின் காம்பு தடிமன். அது காது மெத்தையைத் தூக்கிப் பிடித்து ஒரு சந்து உண்டாக்கியிருக்கிறது. என்ஜினின் அடித்தொனி அந்தச் சந்து வழியாகத்தான் உள்ளே வந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு பயணத்துக்கென்றே மெல்லிய கம்பிக் காம்பு வைத்த கண்ணாடி ஒன்று செய்துகொண்டேன். அதே ஹெட்ஃபோன், இப்போது வேறு பொருள் மாதிரி இருக்கிறது. வாங்கும் முன் உங்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே அரை மணி நேரமாவது தலையில் வைத்துப் பாருங்கள். மின்விசிறியோ ஏசியோ ஓடும் அறையாக இருந்தால் நல்லது. காம்பை விரலால் லேசாகத் தூக்கிவிட்டுக் கேளுங்கள், வித்தியாசம் அப்போதே தெரியும். அரை மணி நேரத்தில் பொட்டிலோ உச்சந்தலையிலோ வலி எடுத்தால், பதினான்கு மணி நேரத்துக்கு அது ஆகாது. எடை 250 கிராம் அளவில் இருப்பது எனக்குச் சரியாக இருக்கிறது.

இன்னொன்று, காது மெத்தை நாளாக ஆகத் தட்டையாகி வெடிக்கும். அப்போதும் இதே கசிவு வரும். மெத்தையைத் தனியாக வாங்கி மாற்ற முடிகிற மாடலாகப் பாருங்கள்.

கைக்குழந்தையோடு

நான் மறுபக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன்.

எட்டு மாதக் குழந்தையோடு போனேன். விமானம் இறங்கத் தொடங்கியதும் காது அடைத்து, குழந்தை அழ ஆரம்பித்துவிட்டாள். பக்கத்து இருக்கைப் பெரியவர் விலை உயர்ந்த ஹெட்ஃபோனைக் கழற்றி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தயக்கத்தோடு என்னிடம், "தப்பா நினைக்காதீங்கம்மா, இதுல ஏதாவது ரிப்பேரா? குழந்தை அழறது நல்லா கேக்குதே" என்றார். எனக்கு முகமெல்லாம் சுருங்கிவிட்டது. அவர் குத்திக்காட்டவில்லை, உண்மையாகவே சந்தேகத்தில்தான் கேட்டார். ஆனாலும் மனசு கஷ்டப்பட்டது.

வீட்டுக்கு வந்து அதைப் பற்றித் தேடிப் படித்தேன். ஹெட்ஃபோனில் இருக்கும் மைக் வெளிச்சத்தத்தைக் கேட்டு, அந்த அலையின் மேட்டுக்குப் பள்ளம், பள்ளத்துக்கு மேடு என்று நேரெதிரான அலையை உண்டாக்குகிறது. இரண்டும் சேர்ந்தால் சத்தம் அடங்கும். 100 ஹெர்ட்ஸ் (நொடிக்கு நூறு அதிர்வு) ஒலியின் ஒரு அலை மூன்று மீட்டருக்கும் அதிக நீளம், மாறாமல் ஒரே சீராக வருவதும்கூட. அதற்கு எதிர் அலை செய்வது எளிது. 3,000 ஹெர்ட்ஸ் அலை 11 சென்டிமீட்டர்தான், கணக்கில் துளி பிசகினாலும் மேடும் பள்ளமும் பொருந்தாது. அதனால் ஏறக்குறைய 1,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இந்த வித்தை பலிப்பது குறைந்துவிடுகிறது. அதற்கு மேல் உள்ளதை மெத்தைதான் தடுக்க வேண்டும். குழந்தை அழுகையில் பெரும்பகுதி அந்த மேல் பகுதியில்தான் இருக்கிறது. பேச்சும் அப்படித்தான், மெய்யெழுத்துகள் எல்லாம் தெளிவாகவே வந்துவிடும். சொல்லப்போனால், கீழே இருந்த உறுமல் போய்விட்டதால் அழுகை இன்னும் துல்லியமாகக் கேட்கும்.

ஆகவே அமைதியே வேண்டும் என்பவர்கள் நுரை இயர்பிளக்கைக் காதுக்குள் வைத்து, அதன்மேல் ஹெட்ஃபோனைப் போடுங்கள். அதுவும் இதுவும் சேர்ந்தால் நன்றாகவே அடங்குகிறது, நான் தனியாகப் போன பயணத்தில் செய்து பார்த்துவிட்டேன். அப்புறம், அழும் குழந்தையின் அம்மாவைத் திரும்பிப் பார்க்காமல் இருந்தால் அதுவும் ஒரு உதவிதான்.

நெடும்பயணி

உங்கள் பதிவைப் படித்தபோது மனசுக்கு என்னவோபோல் இருந்தது. நானும் ஒருமுறை அப்படித் திரும்பிப் பார்த்திருக்கிறேன். இயர்பிளக் யோசனையைக் குறித்துக்கொண்டேன்.

சின்ன விமானக்காரன்

வேலைக்காக மாதம் இரண்டு முறை ஏடிஆர் 72 மாதிரியான புரொபெல்லர் விமானத்தில் போகிறேன். ஒரு மணி நேரப் பயணம்தான், ஆனால் புரொபெல்லருக்கு நேரே உட்கார்ந்தால் உடம்பே அதிரும். அதன் ஆறு விசிறித் தகடுகள் சுற்றுவதில் வரும் அந்த உறுமல் சுமார் 100 ஹெர்ட்ஸ். மேலே அந்தத் தாய் சொன்ன கணக்குப்படி, நாய்ஸ் கேன்சலிங்குக்கு மிகவும் பிடித்த சத்தம் இதுதான். ஸ்விட்சைப் போட்டதும் உறுமல் உடனே அமுங்கிப் போகும். முதல் முறை கேட்டபோது என்ஜின் நின்றுவிட்டதோ என்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன்!

சின்ன இயர்பட்ஸ்தான் வைத்திருக்கிறேன். ரப்பர் முனை காதுக்குச் சரியான அளவாக இருக்க வேண்டும். பெட்டியில் மூன்று நான்கு அளவு தருவார்கள், பலர் மாட்டியிருப்பதையே மாற்றிப் பார்ப்பதில்லை. எனக்கு இடது காதுக்கு ஒரு அளவு, வலது காதுக்கு வேறு அளவு.

பழைய வயர்

வயரைக் கைவிடாதீர்கள் என்பதற்காக எழுதுகிறேன்.

இந்தத் தொழில்நுட்பத்துக்கும் விமானத்துக்கும் உள்ள உறவு எனக்குப் பிடித்த கதை. எதிர் அலையால் சத்தத்தை அடக்கலாம் என்று ஜெர்மனியின் பால் லூக் 1930களிலேயே காப்புரிமை பெற்றுவிட்டார். ஆனால் அதைச் செய்துகாட்டும் மின்னணு வசதி அன்றைக்கு இல்லை. 1978இல் போஸ் ஒலிக்கருவி நிறுவனத்தைத் தொடங்கிய அமர் போஸ், சூரிச்சிலிருந்து பாஸ்டனுக்குப் பறந்தபோது விமானத்தில் கொடுத்த ஹெட்ஃபோனைப் போட்டுக் கேட்டார். இரைச்சலில் பாட்டு கேட்கவில்லை. அந்தப் பயணத்திலேயே கணக்குகளைப் போட ஆரம்பித்துவிட்டார். 1986இல் எங்கும் இறங்காமல், எரிபொருள் நிரப்பாமல் உலகைச் சுற்றிய வாயேஜர் விமானத்தின் விமானிகள் இருவருக்கும் அதன் மாதிரி வடிவம் போனது. 1989இல் விமானிகளுக்கான ஹெட்செட் விற்பனைக்கு வந்தது. நம்மைப் போன்ற பயணிகள் கைக்கு வர 2000 ஆகிவிட்டது. ஒன்பது நாள் அந்தச் சின்ன விமானத்துக்குள் என்ஜின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிலிர்க்கும்.

சரி, வயருக்கு வருகிறேன். பல விமானங்களில் இருக்கைத் திரைக்கு இன்னும் ப்ளூடூத் கிடையாது. வயர் செருகும் துளைதான். சிலவற்றில் இரட்டைத் துளை, அதற்கு இரண்டு முள் அடாப்டர் வேண்டும். வயரே இல்லாத இயர்பட்ஸ் வைத்திருப்பவர்கள் துளையில் செருகும் சின்ன ப்ளூடூத் டிரான்ஸ்மிட்டர் வாங்கிக்கொள்ளலாம். வீட்டிலேயே இணைத்துப் பார்த்துவிட்டு வாருங்கள், விமானத்துக்குள் சுற்றிலும் நூறு ப்ளூடூத் பெயர் ஓடும்போது தேடுவது சிரமம்.

நான் முன்பு வைத்திருந்த ஒன்றில் பேட்டரி தீர்ந்தால் வயர் செருகினாலும் பாட்டே வராது. கடலுக்கு மேலே ஏழு மணி நேரம் மீதி இருக்கும்போது அது நடந்தது. வாங்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். வயரில் கேட்கும்போது இரைச்சல் நீக்கம் வேலை செய்யுமா? சார்ஜ் தீர்ந்த பிறகும் வயரில் ஒலி வருமா? இப்போது வரும் பெரிய ஹெட்ஃபோன்கள் பல, இரைச்சல் நீக்கத்தோடு 24, 30 மணி நேரம் தாங்குகின்றன. சென்ஹைசர் மொமென்டம் 4க்கு 60 மணி என்று போட்டிருக்கிறார்கள். இயர்பட்ஸ் ஒரு தடவைக்கு ஐந்தாறு மணி, அப்புறம் பெட்டியில் வைத்து ஏற்ற வேண்டும். பவர் பேங்க் கொண்டுபோனால் கைப்பையில்தான் வைக்க வேண்டும், சரக்கில் போடும் பெட்டியில் கூடாது.

கேபின் பணி

விமானத்தில் பணிபுரிகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். பாதுகாப்பு விளக்கம் நடக்கும்போதும், விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் ஹெட்ஃபோனை எடுத்துவிடுங்கள், அல்லது வெளிச்சத்தத்தை உள்ளே விடும் முறைக்கு மாற்றிவிடுங்கள். ஒருமுறை திடீர்க் குலுக்கலில் பெல்ட் போடச் சொல்லி மூன்று முறை அறிவித்தோம். ஒரு பயணி கண்ணை மூடிப் பாட்டில் ஆழ்ந்திருந்தார். நான் கையைப் பிடித்து உலுக்கித்தான் போட வைத்தேன். ஆடும் நேரத்தில் நானே எழுந்து நடக்கக் கூடாது, ஆனாலும் போனேன். திரையோடு வயரில் இணைந்திருப்பவர்களுக்குப் படம் நின்று அறிவிப்பு கேட்கும். சொந்த ஃபோனில் கேட்பவர்களுக்கு அது வராது.

நடு இருக்கை

எனக்கு நாய்ஸ் கேன்சலிங் போட்டதுமே காதை யாரோ உள்ளே இழுப்பதுபோல் இருந்தது. தலை சுற்றி, பத்து நிமிடத்தில் கழற்றிவிட்டேன். உண்மையில் காற்றழுத்தம் எதுவும் மாறுவதில்லை, அடித்தொனி மட்டும் திடீரென்று காணாமல் போவதை மூளை அப்படி எடுத்துக்கொள்கிறது என்கிறார்கள். நீக்கும் அளவைக் கூட்டிக் குறைக்க வசதியுள்ள ஒன்றை வாங்கிய பிறகு, பாதி அளவில் வைத்து நிம்மதியாகக் கேட்கிறேன். உங்களுக்கும் இப்படி ஆனால் விட்டுவிடாதீர்கள்.

ஜன்னலோரம்

ஒருக்களித்துத் தூங்குபவருக்குப் பெரிய ஹெட்ஃபோன் சரிவராது. சுவரில் சாய்ந்தால் ஒரு பக்கம் தூக்கும், கசியும், காது வலிக்கும். விழித்திருக்கும்போது ஹெட்ஃபோன், தூங்கும்போது இயர்பட்ஸ் அல்லது இயர்பிளக், இதுதான் என் வழி. மடங்குமா என்றும் பாருங்கள். சோனியில் டபிள்யூஹெச்-1000எக்ஸ்எம்4 மடங்கும், 2022இல் வந்த எக்ஸ்எம்5 மடங்காது, 2025இல் வந்த எக்ஸ்எம்6 மறுபடியும் மடங்குகிறது. முன் இருக்கைக்கடியில் வைக்கும் பையில் அந்த ஒரு சாண் இடம் பெரிய விஷயம்.

நெடும்பயணி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டே மூன்று ஹெட்ஃபோன்களை முக்கால் மணி நேரம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். மதிப்புரைகளில் முதலில் இருந்தது என் காம்போடு பொருந்தவே இல்லை. மூன்றாவதாக எடுத்தது போன தலைமுறை மாடல், மெத்தை மிருதுவாகக் காம்பைச் சுற்றி உட்கார்ந்தது, மடங்குகிறது, சார்ஜ் இல்லாமலும் வயரில் பாடுகிறது. அதையே எடுத்துக்கொண்டேன். தூங்குவதற்கு நுரை இயர்பிளக் ஒரு ஜோடி, கைப்பையில் இரண்டு முள் அடாப்டர். இறக்கைக்கு முன்னால் அமைதி கூடுதல் என்பதால் இருக்கையையும் மாற்றிக் கேட்டிருக்கிறேன். போய் வந்ததும் காது எப்படி இருக்கிறது என்று இங்கேயே எழுதுகிறேன்.