மேக்னெட்டோவை மீண்டும் உயிர்ப்பித்தது சரிதானா?

கரிசல் வாசகன்:
எழுத்தாளர் ஜோனதன் ஹிக்மன் 2019-இல் தொடங்கிவைத்து 2024-இல் முடிந்துபோன, மார்வெல் காமிக்ஸின் எக்ஸ்-மென் கிரகோவா கதைவரிசையில் எனக்குப் பெரிய மனக்குறை ஒன்று உண்டு. பிறவியிலேயே அரிய ஆற்றல் பெற்ற மியூட்டன்ட்கள் கிரகோவா என்ற தீவையே தங்கள் நாடாக்கிக்கொள்கிறார்கள். ஐந்து பேரின் ஆற்றல்கள் ஒன்றுசேர, இறந்தவர்கள் முட்டைகளுக்குள் புதிய உடலெடுக்கிறார்கள். செரிப்ரோ என்ற கருவியில் சேமித்துவைத்த நினைவுகள் அவ்வுடலில் ஏற்றப்படுகின்றன. சாவே இல்லையென்றான பிறகு, உயிரைப் பணயம் வைப்பதற்கு என்ன பொருள் இருக்கிறது? இதற்கு விலக்காக நின்றது, உலோகங்களை ஆட்டுவிக்கும் மியூட்டன்டான மேக்னெட்டோவின் சாவு. 2022-இல் யுரேனோஸ் என்ற எதிரி அவருடைய இதயத்தைப் பிடுங்கியெறிந்த பின்பும், காந்த ஆற்றலால் தன் குருதியைத் தானே ஓடவைத்துக்கொண்டு அவர் போரிட்டதையும், மறுபிறப்பைத் துறந்தவராகவே சக மியூட்டன்ட் ஸ்டார்மின் அருகில் உயிர்விட்டதையும் படித்தவர்கள் மறக்கமாட்டார்கள். அவ்வளவு கண்ணியமான முடிவை எழுதிய அல் யூயிங்கே, 2024-இல் நான்கு இதழ்கொண்ட தொடரில் அவரை மீட்டுக்கொண்டுவந்தது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

தேரடி மீனா:
வணக்கம் ஐயா. சூப்பர்ஹீரோ காமிக்ஸில் சாவு எப்போது நிலைத்தது என்று கேட்க விரும்புகிறேன். 1980-இல் எக்ஸ்-மென் குழுவின் ஜீன் கிரே இறந்தபோது வாசகர்கள் கலங்கினார்கள். 1986-இல், இறந்தது அவரே இல்லை என்று ஒரு விளக்கம் சொல்லி அவரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அப்படிப்பட்ட சமாளிப்புகளை ஒதுக்கிவிட்டு, திரும்பி வருவதையே ஒரு சமூகத்தின் அடித்தளமாக வைத்து, அதனால் அச்சமூகத்தில் என்னென்ன மாறும் என்று நேர்மையாக ஆராய்ந்தது கிரகோவாதான்.

2020-இல் வெளிவந்த எக்ஸ்-மென் ஏழாம் இதழை எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்றலை இழந்த மியூட்டன்ட் பெண் மெலடி கத்ரி அதைத் திரும்பப் பெற வேண்டுமானால், பழம்பெரும் மியூட்டன்டான அபோகலிப்ஸுடன் வாளேந்திப் போரிட்டு, அவர் கையால் கொல்லப்பட்டு, புதிதாகப் பிறந்தாக வேண்டும். ஊரே திரண்டு அதைப் பார்க்கிறது. தன் தங்கை வெட்டுப்படுவதைப் பார்க்க வேண்டிய குடும்பத்தின் நிலையும், பக்தியுள்ள எக்ஸ்-மென் வீரர் நைட்கிராலர் இது சரிதானா என்று சக வீரர் சைக்ளாப்ஸிடம் தயங்கித் தயங்கிப் பேசுவதும் நெஞ்சை அடைக்கின்றன. சாவுக்கு விலையில்லை என்று இந்த இதழைப் படித்தபின் எவரும் சொல்ல முடியாது என்பதே என் கருத்து.

பழுப்பு இதழ்:
இருவரும் ஒன்றைத் தொடாமலே செல்கிறீர்கள். ஜீன் கிரேயையும் மேக்னெட்டோவையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கக்கூடாது. 1981-இல் வந்த எக்ஸ்-மென் 150-ஆவது இதழில், மேக்னெட்டோ நாஜி வதைமுகாமான ஆஷ்விட்ஸில் வளர்ந்தவர் என்று எழுத்தாளர் கிறிஸ் கிளேர்மான்ட் எழுதிய நாளிலிருந்து, அவர் உண்மையில் நடந்த ஒரு படுகொலையின் சாட்சியாகிவிட்டார். 2008-இல் கிரெக் பாக் எழுத, கார்மினே டி ஜியான்டொமெனிகோ வரைந்த ‘மேக்னெட்டோ டெஸ்டமென்ட்’ அந்த வரலாற்றுக்கு எவ்வளவு பணிந்து நடந்துகொள்கிறது என்று பாருங்கள். பள்ளிப் போட்டியில் சிறுவன் மேக்ஸ் (பின்னாளைய மேக்னெட்டோ) எறியும் ஈட்டியில் ஆற்றலின் சாயல் தெரிகிறதே தவிர, அவன் கம்பி வேலிகளைப் பிய்த்தெறிந்து யாரையும் காப்பாற்றுவதில்லை. சோன்டர்கமாண்டோ என்ற பெயரில், கொல்லப்பட்டவர்களின் உடல்களை அகற்றும் வேலைக்குத் தள்ளப்பட்டு, கண்டவற்றை எழுதி மண்ணில் புதைக்கிறான். அப்படிப் புதைத்தவர்கள் உண்மையிலேயே இருந்தார்கள். ஸல்மன் கிராடோவ்ஸ்கி எழுதி மறைத்த ஏடுகள் போருக்குப் பின் அம்மண்ணிலிருந்து எடுக்கப்பட்டன. அவரோ 1944 அக்டோபர் 7 அன்று நடந்த கிளர்ச்சியில் உயிரிழந்தார். அங்கே மாண்டவர்கள் எவரும் திரும்பி வரவில்லை. அவர்களுடைய சாட்சியாக நிற்கும் ஒருவரைத் தேவைப்படும்போதெல்லாம் எழுப்புவது அந்த வரலாற்றின் கனத்தைக் குறைத்துவிடுகிறது. இவ்விஷயத்தில் நான் கரிசல் வாசகனின் பக்கம்.

தேரடி மீனா:
நீங்கள் குறிப்பிட்ட தொடரை நானும் போற்றுகிறேன். ஆயினும், வரலாற்றை முன்வைத்தே மாறுபடுகிறேன். அவர் முகாமில் சாகவில்லை, பிழைத்தார். பிழைத்தவர் பின்னாளில் தன் இனத்தைக் காப்பதாகச் சொல்லிப் பிறரை அழிக்கவும் துணிந்தார் என்பதுதான் இப்பாத்திரத்தின் முள். 2024 தொடரில் ஸ்டார்ம் இறந்தோர் உலகுக்கே சென்று அவரைத் தேடும்போது, எதிரில் வருவது தியாகம் செய்த வீரரல்ல, தன் கொடுஞ்செயல்களை எண்ணித் தன்னையே மன்னிக்க முடியாத முதியவர். வீரமரணம் அக்கணக்கைத் தீர்த்துவிடாது. உயிரோடு இருந்துதான் பதில் சொல்ல வேண்டும். யூயிங் அவரை எழுப்பியதை நான் வரவேற்பது இதற்காகத்தான்.

கரிசல் வாசகன்:
பதில் சொல்லவைத்தார்களா என்பதே என் கேள்வி. அதே ஆண்டில் ஜெட் மெக்கே தொடங்கிய புதிய எக்ஸ்-மென் தொடரில் மேக்னெட்டோ அலாஸ்காவில் சக்கர நாற்காலி போன்றதோர் இருக்கையில் அமர்ந்திருக்கிறார். மறுபிறப்போடு தொடர்புடைய நோயால் அவருடைய ஆற்றல் கட்டுக்குள் இல்லை என்று சொல்லப்படுகிறது. தங்கையே, நீங்கள் சொல்லும் கணக்குத் தீர்ப்பு நான்கு இதழோடு நின்றுபோய், அடுத்த கதாசிரியர் கையில் அது ஓர் உடல்நலச் சிக்கலாகச் சுருங்கிவிட்டதே! மாதாமாதம் வெளிவந்தாக வேண்டிய தொடரில் எந்த மனமாற்றமும் வேர்பிடிக்க நேரம் கிடைப்பதில்லை. டெஸ்டமென்ட் ஐந்தே இதழ்களில் முடிந்ததால்தான் அதில் வந்தது எதையும் வேறொருவரால் மாற்றியெழுத முடியவில்லை.

பழுப்பு இதழ்:
வயதையும் கணக்கில் கொள்ளுங்கள். 1974-இலேயே அவரைக் குழந்தையாக்கி, பிறகு இளைஞராக்கிவிட்டார்கள். அந்த ஏற்பாடு இல்லாவிட்டால், இன்று அவர் நூறை நெருங்கும் கிழவர். ஆஷ்விட்ஸை நேரில் கண்டவர்கள் உலகில் மிகச் சிலரே எஞ்சியிருக்கும் இக்காலத்தில், அப்பாத்திரத்தை மார்வெல் இனியும் இளமையாகவே வைத்திருக்கப்போகிறதா என்பதற்கு மீனா விடை சொன்னால் விவாதத்தைத் தொடரலாம்.