சோலார் அலுமினிய ரெயிலில் கறுப்பு பெயிண்ட் ஒட்டவில்லை, வழி என்ன?

குளச்சல் ஓட்டுவீடு:
எங்கள் வீடு குளச்சலில், கடலுக்குப் பக்கம். சரிவான ஓட்டுக்கூரை. மத்திய அரசு மானியம் தரும் சூர்யகர் திட்டத்தில் 3 கிலோவாட் சோலார் போட்டோம். பேனல் முழுக் கறுப்பு, அதில் குறையில்லை. ஆனால் தாங்கும் ரெயிலும் கிளாம்பும் வெள்ளி நிறம். தெருவிலிருந்து பார்த்தால் ஓட்டின் மேல் எவர்சில்வர் பாத்திரம் காயவைத்த மாதிரி மின்னுகிறது. வீட்டில் தினமும் இதே பேச்சு.

மிஞ்சிய ரெயில் துண்டு ஒன்றில் பெயிண்டர் ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து, மேலே கறுப்பு எனாமல் கொடுத்து முற்றத்தில் காயவைத்தார். சில நாள் வெயில் பட்டதும் நகத்தால் சுரண்டினாலே ஏடு ஏடாக வருகிறது. எதை அடித்தால் நிற்கும்? பேனல் ஃபிரேமிலும் இரண்டு இடத்தில் கீறல் இருக்கிறது, அதையும் சேர்த்து அடிக்கலாமா? கறுப்பாக்கினால் சூடு ஏறி யூனிட் குறையுமா?

கோட்டிங் பட்டறை, நாகர்கோவில்:
பெயிண்டரைக் குறை சொல்ல வேண்டாம். ரெட் ஆக்சைடு இரும்புக்கு உள்ள சரக்கு. அலுமினியத்தில் காற்று பட்டதுமே வழுவழுப்பான ஆக்சைடு படலம் ஒன்று உருவாகிவிடும். அதன் மேல் சாதா பிரைமருக்குப் பிடி கிடைக்காது. போதாததற்கு ரெயில் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே எண்ணெய்ப் பிசுக்கோடு வரும், கடலோரம் என்றால் உப்பும் படிந்திருக்கும்.

அடிப்பதென்றால் முறை இதுதான். முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவி, நல்ல தண்ணீரில் அலசிக் காயவிடுங்கள். தின்னர் தோய்த்த துணியால் துடைத்தபின் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரோ 320 நம்பர் எமரித் தாளோ கொண்டு பளபளப்பு போகும்வரை தேய்க்க வேண்டும். இரும்பு நார் மட்டும் வேண்டாம், அதன் துகள் அலுமினியத்தில் பதிந்து துருப் புள்ளியாகக் கிளம்பும். மறுபடி துடைத்துவிட்டு, எட்ச் பிரைமரை, அதாவது உலோகத்தை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்ளும் அமிலப் பிரைமரை, மெல்லிசாக அடியுங்கள். கடைசியில் இரண்டு பாகம் கலக்கும் பாலியூரித்தேன் கறுப்பு, மேட் ஃபினிஷ். எபாக்சியை மேல் கோட்டாக விட்டால் வெயிலில் வெளுத்துச் சுண்ணாம்பு மாதிரி உதிரும்.

துண்டில் முதலில் செய்து பாருங்கள். முழுதாக இறுகிய பிறகு பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, டேப்பை ஒட்டிச் சடாரென்று இழுங்கள். கட்டங்கள் அப்படியே நின்றால்தான் கூரைக்கு ஏறலாம்.

எர்த்து வயர்:
அவசரப்படாதீர்கள் அண்ணாச்சி. பெயிண்ட் ஒட்டுகிறதா என்பதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. பல அமைப்புகளில் பேனல் ஃபிரேமிலிருந்து கிளாம்ப், கிளாம்பிலிருந்து ரெயில், அங்கிருந்து எர்த்து கம்பி என்றுதான் மின்கசிவு மண்ணுக்கு இறங்குகிறது. கிளாம்பில் இருக்கும் சின்னப் பல் ஃபிரேமின் மேல்பூச்சைக் கடித்து உள்ளே இருக்கும் உலோகத்தைத் தொடும். அங்கே பெயிண்ட் புகுந்தால் தொடர்பு போச்சு. வெளியே ஒன்றும் தெரியாது, ஒரு கசிவு வரும் நாளில்தான் தெரியும்.

அதனால் உலோகத்தோடு உலோகம் உட்காரும் எந்த இடத்திலும் பெயிண்ட் படக் கூடாது. கிளாம்ப் உட்காரும் இடம், எர்த்து லக் (கம்பி முனையைப் பிடிக்கும் உலோகக் கொக்கி) பூட்டிய இடம், போல்ட் ஓடும் பள்ளம் எல்லாவற்றுக்கும் மாஸ்கிங் டேப். இன்னொரு தொல்லை, கிளாம்புக்கு அடியில் பெயிண்ட் இருந்தால் அது நாளடைவில் நசுங்கி போல்ட் தளரும். உங்கள் ஊர் காற்றுக்கு அது ஆகாது.

ஃபிரேமைத் தொடவே வேண்டாம். அதில் ஏதாவது அடித்தால் பேனல் வாரண்டியைத் தட்டிக்கழிக்க ஒரு காரணம் கொடுத்ததாகிவிடும். சூடு பற்றிக் கவலை வேண்டாம், ரெயில் பேனலின் நிழலில்தான் கிடக்கிறது. அடியில் காற்று ஓடுவதை மறைக்காமல் இருந்தால் போதும்.

தக்கலை மாடி:
நான் இரண்டு பேர் சொன்னதிலும் பாதியைத்தான் ஏற்பேன். மாட்டிய கூரையில் ஏறி ஸ்ப்ரே அடிப்பது வேண்டாத வேலை. தெறிக்கும் துளி கண்ணாடியில் ஒட்டும், தின்னர் பட்டால் கேபிள் கனெக்டரின் பிளாஸ்டிக் விரிசல் விடும். இன்வெர்ட்டரை அணைத்தாலும் வெயில் இருக்கும்வரை பேனல் வயரில் மின்சாரம் உண்டு, அதை மறந்துவிடக் கூடாது.

தெருவில் நின்று நன்றாகப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிவது ரெயிலின் நுனிகளும், கீழ்ப்பக்க ரெயிலின் முகமும், கிளாம்புகளும்தான். நுனிக்குக் கறுப்பு பிளாஸ்டிக் மூடி வாங்கிச் செருகலாம். கிளாம்பைக் கறுப்பு அனோடைஸ், அதாவது மின்சாரம் செலுத்தி மேல்படலம் ஏற்றி நிறம் கொடுத்ததாக மாற்றலாம். அனோடைஸ் நிறம் உலோகத்தோடு சேர்ந்தே இருக்கும், பெயிண்ட் மாதிரி ஏடாக உரியாது. பாக்கி இருப்பது கீழ் ரெயிலின் ஒரு முகம், அதற்குக் கையாலேயே பிரஷ் போதும்.

குளச்சல் ஓட்டுவீடு:
இது சரியாகப் படுகிறது. ரெயிலைக் கழற்றி பவுடர் கோட்டிங் (பொடியைத் தூவி உலையில் சுட்டு ஏற்றும் பூச்சு) கொடுத்துவிட்டால் என்ன?

கோட்டிங் பட்டறை, நாகர்கோவில்:
புதிதாகப் போடுவதாக இருந்தால் முதல் வாக்கு அதற்குத்தான். வெளி உபயோகத்துக்கான பாலியெஸ்டர் பவுடர் என்று கேட்டு வாங்க வேண்டும், வீட்டுக்குள் வைக்கும் சாமானுக்கு அடிக்கிற எபாக்சி கலப்பு வேண்டாம். ஆனால் அந்தப் பூச்சு 60 முதல் 80 மைக்ரான் வரை கனமாக வரும், பள்ளத்தில் போல்ட் தலை சிக்கும். ஓட்டைப் பிரித்துப் பேனலை இறக்கி ஏற்றும் செலவோடு பார்த்தால் உங்களுக்கு லாபமில்லை. பிரஷ் வேலையை ஜனவரி, பிப்ரவரியில் வைத்துக்கொள்ளுங்கள். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, ஈரக் காற்றில் எட்ச் பிரைமர் பிடிக்காது. உச்சி வெயிலும் வேண்டாம், காலையில் பனி காய்ந்த பிறகு தொடங்குங்கள்.

குளச்சல் ஓட்டுவீடு:
அப்படியே செய்கிறேன். கிளாம்ப் வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

எர்த்து வயர்:
ஃபிரேமின் உயரத்தை அளந்து கொள்ளுங்கள், 30, 35, 40 மில்லிமீட்டர் என்று வரும். ஓரக் கிளாம்ப் அதே அளவில் இருந்தால்தான் நேராக உட்காரும். பல் உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். போல்ட் எஸ்எஸ் 316 (உப்புக் காற்றை நன்றாகத் தாங்கும் எவர்சில்வர் ரகம்) கிடைத்தால் கடலோரத்துக்கு நல்லது. ஒருமுறை கடித்த பல் வாஷரைத் திரும்பப் போடாதீர்கள். மாட்டுவதை உங்களுக்குப் போட்டுக் கொடுத்த ஆட்களிடமே விடுங்கள், சூர்யகரில் 5 வருடப் பராமரிப்பு அவர்கள் பொறுப்பு. மாற்றி முடித்ததும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் எர்த்து கம்பிக்கும் இடையில் மல்டிமீட்டர் வைத்து, ஒரு ஓமுக்குக் கீழே காட்டுகிறதா என்று உங்கள் முன்னாலேயே அளக்கச் சொல்லுங்கள்.