1915-இல் பெர்க்லி ரக்பியைக் கைவிட்டது தவறுதானே?

விரிகுடாவாசி:
போன வாரம் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில், ஸ்ட்ராபெரி கேன்யனில் உள்ள விட்டர் மைதானத்தில் ரக்பி ஆட்டம் ஒன்று பார்த்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர், "இந்தக் கல்லூரியில் ஒரு காலத்தில் இதுதான் ஒரே ஃபுட்பால்" என்றார். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தால் அவர் சொன்னது உண்மை.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 1905 சீசனில் மட்டும் அமெரிக்க ஃபுட்பாலில் குறைந்தது 18 பேர் செத்தார்கள். ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்கே கூப்பிட்டுப் பேசினார். மேற்குக் கரையில் பெர்க்லியின் தலைவர் வீலரும் ஸ்டான்ஃபோர்டின் தலைவர் ஜோர்டனும் ஒரு படி மேலே போனார்கள். 1906 முதல் இரண்டு கல்லூரிகளும் ரக்பிக்கு மாறின. இரண்டும் வருடாவருடம் மோதும் 'பிக் கேம்' ஒன்பது சீசன் ரக்பியாகவே நடந்தது. 1915-இல் பெர்க்லி பழைய ஆட்டத்துக்கே திரும்பிவிட்டது.

என் கட்சி: அது பெரிய தவறு. இன்னும் பத்து வருடம் பொறுத்திருந்தால் அமெரிக்கா இன்று ரக்பி நாடாக இருந்திருக்கும்.

நாலாம் டவுன்:
ஆசைப்படலாம், தப்பில்லை. ஆனால் ரக்பியை மாணவர்கள் கேட்டு வாங்கவில்லை, நிர்வாகம் மேலிருந்து இறக்கியது. அதை மறக்க வேண்டாம்.

ஆபத்து என்ற காரணமும் சீக்கிரமே போய்விட்டது. 1906-இலேயே விதிகளை மாற்றி ஃபார்வர்ட் பாஸை (பந்தை முன்னோக்கி எறிவதை) அனுமதித்துவிட்டார்களே. அப்புறம் எதற்கு ரக்பி?

எட்டு வருடப் பயிற்சியின் பலனையும் சொல்லிவிடுகிறேன். 1913-இல் நியூசிலாந்தின் தேசிய ரக்பி அணியான ஆல் பிளாக்ஸ் வந்தார்கள். பெர்க்லியில் அமெரிக்க அணியை 51-3 என்று துவைத்தார்கள். கலிஃபோர்னியாவும் கனடாவும் சேர்ந்த அந்தப் பயணத்தின் 16 ஆட்டங்களில் அவர்கள் எடுத்த புள்ளிகள் 610, கொடுத்தவை 6. ஆமாம், ஆறு.

கண்டி ஸ்க்ரம்:
பள்ளிக்கூடக் காலத்தில் கண்டியில் ரக்பி ஹூக்கராக (ஸ்க்ரம்மில் முன்வரிசை நடுவில் நிற்பவர்) ஆடியவன், அதனால் பாரபட்சம் உண்டு என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாலாம் டவுன் அண்ணா, 1906 விதிகளோடு ஆபத்து தீர்ந்தது என்பது சரியில்லை. 1909-இல் மறுபடியும் சாவுகள் கூடின. பந்து வைத்திருப்பவனைப் பின்னாலிருந்து தள்ளுவதையும் இழுப்பதையும் தடுக்கும் விதி 1910-இல்தான் வந்தது. ஆக அந்த நாலைந்து வருடம் ரக்பி ஆடியவர்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை.

610-6 பார்த்து மிரள வேண்டாம். நியூசிலாந்துக்காரர்கள் 1905-இல் பிரிட்டனுக்குப் போனபோதும் இதே கதைதான். அங்கே வேல்ஸிடம் 0-3 என்று தோற்ற ஒரே ஆட்டம் தவிர எல்லாம் வெற்றி. ரக்பி பிறந்த மண்ணையே அப்படி ஓட்டியவர்களிடம் கல்லூரிப் பையன்கள் தோற்றதில் என்ன வெட்கம்? 1912-இல் ஆஸ்திரேலியா இதே பெர்க்லியில் அமெரிக்காவை 12-8 என்றுதான் ஜெயிக்க முடிந்தது.

புதுசு:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இரண்டிலும் ஓடுகிறார்கள், மோதுகிறார்கள். ரக்பியில் மட்டும் ஏன் சாவு குறைவு?

கண்டி ஸ்க்ரம்:
நல்ல கேள்வி, தம்பி. ரக்பியில் பந்துக்கு முன்னால் நின்று எதிராளியை மறிக்க முடியாது. பிடிபட்டு விழுந்தவன் பந்தை விட்டுவிட வேண்டும். ஆட்டம் நிற்காமல் ஓடும், அதனால் ஆட்கள் மைதானம் முழுக்கப் பரவியிருப்பார்கள்.

பழைய ஃபுட்பாலில் மூன்று முயற்சியில் ஐந்து கஜம் முன்னேறினால் போதும். ஓடி ஏமாற்றத் தேவையே இல்லை. கையோடு கை கோத்து, கூட்டமாக நடுவில் முட்டித் தள்ளினாலே ஐந்து கஜம் கிடைத்துவிடும். அந்தக் குவியலுக்கு அடியில் மாட்டியவன் கதிதான் கேள்வி. 1906-இல் ஐந்தைப் பத்தாக்கினார்கள். என்னைக் கேட்டால் ஃபார்வர்ட் பாஸை விட அதுதான் முக்கியமான மாற்றம்.

நாலாம் டவுன்:
1909 விஷயத்தில் நான் சொன்னது தவறு, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஒரு கல்லூரி அணிக்கு முதல் தேவை எதிரணி. வாஷிங்டன், ஓரிகன் பல்கலைக்கழகங்கள் எல்லாம் ஃபுட்பால் ஆடிக்கொண்டிருந்தன. பெர்க்லிக்கு ரக்பியில் ஸ்டான்ஃபோர்டை விட்டால் சாண்டா கிளாரா, பிறகு சில கிளப் அணிகள். எத்தனை வருடம் அதே முகங்களைப் பார்ப்பது? 1915 டிசம்பரில் வாஷிங்டனும் ஓரிகனின் இரண்டு கல்லூரிகளும் பெர்க்லியும் சேர்ந்து பசிபிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ் என்ற கல்லூரி லீகைத் தொடங்கின. அக்கம்பக்கத்தோடு ஆடத்தான் திரும்பினார்கள்.

(அதே பெர்க்லியும் ஸ்டான்ஃபோர்டும் 2024 முதல் அட்லாண்டிக் கரை கான்ஃபரன்ஸில் ஆடுகின்றன. அக்கம்பக்கம் என்று எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது.)

விரிகுடாவாசி:
அக்கம்பக்கம் கொடுத்த வரவேற்பையும் சொல்லுங்களேன்! திரும்பிய முதல் சீசனிலேயே, 1915 நவம்பரில், பெர்க்லியின் சொந்த மண்ணில் வாஷிங்டன் 72-0. ஆல் பிளாக்ஸிடம் வாங்கிய அடியை விடப் பெரிய அடி. ரக்பியில் தோற்றால் அவமானம், ஃபுட்பாலில் தோற்றால் அனுபவமா?

நாலாம் டவுன்:
அடுத்த வாரம் சியாட்டிலில் அதே வாஷிங்டனிடம் தோற்றது வெறும் 13-7. அதை ஏன் விட்டீர்கள்? பயிற்சியாளர் ஷேஃபர் அதற்கு முந்தைய வருடம் வரை ரக்பி சொல்லிக்கொடுத்தவர். அவரும் புதுசு, பையன்களும் புதுசு. ஒரே வாரத்தில் அந்த அளவுக்குத் தேறினார்கள் என்றால் ஆட்டத்தின் மேல் பசி இருந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்?

விரிகுடாவாசி:
பசி இருந்தது சரி. ரக்பி கொடுத்த விருந்தையும் பாருங்கள்: 1920, 1924 இரண்டு ஒலிம்பிக்கிலும் ரக்பித் தங்கம் அமெரிக்காவுக்கு. ஆட்களில் பெரும்பாலோர் பெர்க்லி, ஸ்டான்ஃபோர்ட், சாண்டா கிளாராவில் வளர்ந்தவர்கள். 1924-இல் பாரிஸ் கொலோம்ப் மைதானத்தில் பிரான்ஸை அதன் சொந்த ரசிகர்கள் முன்னால் 17-3 என்று ஜெயித்தார்கள்.

நாலாம் டவுன்:
1920-இல் மொத்தம் எத்தனை அணிகள் ஆடின? இரண்டு. ஒரே ஆட்டம், 8-0, தங்கம். 1924-இல் ருமேனியாவும் சேர்ந்ததால் மூன்று. எங்கள் தெருவில் கேரம் போட்டிக்குக்கூட எட்டு ஜோடி வருவார்கள்.

கண்டி ஸ்க்ரம்:
கேரம் உதாரணம் பலே! ஆனால் அந்த இரண்டு அணிகளில் ஒன்று பிரான்ஸ், அண்ணா.

நீங்கள் இருவரும் தொடாத ஒன்று இருக்கிறது. 1915-இல் சண்டை மூண்டது ரக்பிக்காகவே இல்லை, முதலாண்டு மாணவர்களுக்காக. அவர்களைப் பிரதான அணியில் சேர்க்கக் கூடாது என்றது பெர்க்லி. சின்னக் கல்லூரியான ஸ்டான்ஃபோர்ட் ஒத்துக்கொள்ளவில்லை. உறவு முறிந்தது. அதோடு ரக்பியும் போனது.

விரிகுடாவாசி:
அந்த விதியில் நியாயம் பெர்க்லி பக்கம்தான். கல்லூரி ஃபுட்பாலில் முதலாண்டு மாணவர்களுக்குத் தேசிய அளவில் கதவு திறந்ததே 1972-இல். ஆனால் அது ஸ்டான்ஃபோர்டை விடுவதற்குக் காரணம், ரக்பியை விடுவதற்கு அல்ல. இரண்டையும் ஏன் ஒரே மூட்டையாகக் கட்டினார்கள்?

நாலாம் டவுன்:
ஸ்டான்ஃபோர்ட் இல்லாமல் ரக்பி யாரோடு ஆடுவது? சாண்டா கிளாராவோடு மட்டுமா?

கண்டி ஸ்க்ரம்:
ஸ்டான்ஃபோர்ட் அதைத்தான் செய்தது. 1915 முதல் 1917 வரை சாண்டா கிளாராவோடு ஆடியதையே தன் 'பிக் கேம்' என்று சொல்லிக்கொண்டது.

விரிகுடாவாசி:
பார்த்தீர்களா, முடியும்!

கண்டி ஸ்க்ரம்:
1919-இல் அவர்களும் ஃபுட்பாலுக்குப் போய்விட்டார்கள், நண்பரே. நானே மனசில்லாமல்தான் எழுதுகிறேன்.