நகமியமா, கொம்பியமா? கூடவே டெர்மட்டோபைட்

வணக்கம். நகம், முடி, கொம்பு ஆகியவற்றில் இருக்கும் கெரட்டின் என்ற புரதத்துக்குத் தமிழில் ‘நகமியம்’ என்று பெயர் வைப்பது பற்றிய பேச்சில் வந்த மாற்றுக் கருத்து இது:

> கிரேக்கக் ‘கெராஸ்’ கொம்பைத்தான் குறிக்கிறது. கெரட்டினுக்குக் கொம்பியம் என்றே வைக்கலாம்.

வேர்ச்சொல் சரிதான். ஆனால் தமிழில் எல்லாமே கொம்பு. காண்டாமிருகக் கொம்பு முழுக்கக் கெரட்டின். மாட்டுக்கொம்பில் எலும்பின் மேல் உறையாக மட்டும் கெரட்டின். புள்ளிமான் கொம்போ வெறும் எலும்பு. மாணவர் குழம்புவார். நகத்தில் இந்தத் தகராறு இல்லை. என் ஓட்டு நகமியத்துக்கே.

அப்புறம் டெர்மட்டோபைட், அதாவது படர்தாமரை தரும் பூஞ்சை வகை. அதற்கும் தமிழ்ப்பெயர் வேண்டும். ‘தோல்வாழ் பூஞ்சை’ ஒத்துவராது. தேமலுக்குக் காரணமான மலசீசியாவும் தோலில்தான் வாழ்கிறது. அதற்கு வேண்டியது எண்ணெய்ப்பசை. படர்தாமரை தரும் டிரைக்கோபைட்டன், மைக்ரோஸ்போரம் போன்றவைதான் நகமியத்தைத் தின்கின்றன, அதுவும் தோலோடு நிற்காமல் முடியிலும் நகத்திலும்.

அப்படித் தின்பது லேசுப்பட்ட காரியமில்லை. நகமியத்தில் கந்தகமும் கந்தகமும் கைகோத்து இழைகளை இறுக்கிவைத்திருக்கின்றன (முடி கருகும்போது வரும் நாற்றம் அந்தக் கந்தகத்தின் உபயம்). சாதாரண நொதிக்கு அது மசியாது. பூஞ்சை சல்ஃபைட்டை வெளிவிட்டு அந்தப் பிணைப்பை அறுக்கிறது. அப்போதுதான் நொதிகளால் புரதத்தைத் துண்டுபோட முடிகிறது. பெயரில் வரவேண்டியது இந்த வேலை, குடியிருக்கும் இடமல்ல.

‘நகமிய உண்ணி’ எனலாமா? தோல் மருத்துவக் கட்டுரையில் உண்ணி என்றதும் நாயுண்ணியோ பாலுண்ணியோதான் நினைவுக்கு வரும். அதனால் ‘நகமியந்தின்னி’, பிணந்தின்னி மாதிரி. கொஞ்சம் முரட்டுச் சொல்தான், இருக்கட்டும்.

கெரட்டினோஃபிலிக் (கெரட்டினை நாடுகிற) என்பதை இதோடு சேர்த்துவிடக் கூடாது. ஈரமண்ணில் மயிர்த்துணுக்குகளைத் தூவிவைத்தால் சில வாரங்களில் பூஞ்சை படரும். மண்பூஞ்சைகளைப் பிடிக்க இன்றும் இந்தத் தூண்டில்தான். அப்படிப் படர்பவை எல்லாமே மயிரைச் செரிப்பதில்லை. சில அதில் ஒட்டியிருக்கும் மற்ற சத்துகளிலேயே காலம் தள்ளும். இரண்டுக்கும் பொதுவாக ‘நகமியநாடி’ என்றும், செரிப்பவற்றுக்கு மட்டும் ‘தின்னி’ என்றும் வைப்போம். கெரட்டினை உடைக்கும் நொதியான கெரட்டினேஸுக்கு ‘நகமியச் சிதைப்பி’ போதும்.

கட்டுரை வரைவில் ‘பூஞ்சை நகமியம்’ என்றொரு தொடர் இருக்கிறது. தயவுசெய்து எடுத்துவிடுங்கள். பூஞ்சையிடம் நகமியமே கிடையாது. அதன் செல்சுவரில் இருப்பது கைட்டின். புரதம்கூட அல்ல, சர்க்கரைச் சங்கிலி.