ஆறு தொப்பி வகுப்பில் உட்கார வைக்கப்பட்ட பையன்

பாகூர் ஏரிக்கரை (இழையைத் தொடங்கியவர்)
புதுச்சேரியில் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். ஒரு பொருளை ஆறு கோணத்தில் யோசிக்க எட்வர்ட் டி போனோ 1985இல் கொண்டுவந்த ஆறு தொப்பி முறையைச் சென்ற வாரம் வகுப்பில் நடத்திப் பார்த்தேன். தெரியாதவர்களுக்காக: வெள்ளை என்றால் தகவல் மட்டும், சிவப்பு என்றால் மனதில் பட்டது, கறுப்பு என்றால் ஆபத்து, மஞ்சள் என்றால் பயன், பச்சை என்றால் புது யோசனை, நீலம் என்றால் பேச்சின் ஒழுங்கு. ஒரு நேரத்தில் வகுப்பு முழுவதும் ஒரே தொப்பிக்குள் இருக்க வேண்டும்.

எடுத்துக்கொண்ட பொருள், நம் கடற்கரையில் மணல் போன கதை. 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். வடக்கே மணல் அரித்தது, கருங்கல் கொட்டினார்கள். மஞ்சள் தொப்பி நேரத்தில் அந்த வடக்குப் பக்கத்து வைத்திக்குப்பத்துப் பையன் ஒருவன் எழுந்து, "எங்கள் தாத்தா வீடு கடலுக்குள் இருக்கிறது டீச்சர், இதில் என்ன பயன்?" என்றான். "அது கறுப்பில் வரும், இப்போது உட்கார்" என்றேன். உட்கார்ந்தான். கறுப்பு வந்தபோது அவன் வாயே திறக்கவில்லை. பிழை முறையிலா, என்னிலா?

கெடிலக்கரை
முறையில்தான் அம்மா. கடலூரில் இருபத்தேழு ஆண்டுகள் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: நாற்பது நிமிடப் பாடவேளை, ஆறு தொப்பி, நாற்பது பிள்ளைகள். ஒரு தொப்பிக்கு ஒரு பிள்ளைக்குப் பத்து விநாடி. இதற்குப் பெயர் சிந்தனையா, ரேஷன் கடை வரிசையா? மணிமேகலையிலேயே பட்டிமண்டபம் பேசப்படுகிறது. எதிரெதிர் அணியாக நின்று வாதாடிப் பழகிய நமக்கு மால்டாவில் பிறந்த டி போனோ என்ற மருத்துவர் வந்து தொப்பி மாட்ட வேண்டியதில்லை.

தூக்கம் கெட்ட அப்பா
என் மகள் இதற்காக இரவு பதினொரு மணிவரை சார்ட் பேப்பரில் தொப்பி வெட்டினாள். பச்சைத் தாள் தீர்ந்துபோய்க் கடைக்கு ஓடியவன் நான். என்ன படித்தாள் என்று மட்டும் கேட்காதீர்கள்.

முந்திரித்தோப்பு
தொப்பி வெட்டச் சொன்னது ஆசிரியரின் ஆர்வக்கோளாறு. கரும்பலகையில் ஆறு சொற்களை எழுதினால் போதும்.

கெடிலக்கரை ஐயாவுக்கு: நான் பண்ருட்டிப் பக்கம் பத்து ஆண்டுகளாகப் பள்ளிப் பட்டிமன்றங்களுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறேன். உள்ளதைச் சொல்கிறேன். அணியை நாங்கள் பிரித்துக் கொடுக்கிறோம், பேச்சை வீட்டில் எழுதிக் கொடுக்கிறார்கள், பிள்ளை மனப்பாடம் செய்கிறது. எதிரணி நல்லதொரு கருத்தைச் சொன்னால் அதை மறுக்க வேண்டும், இல்லையென்றால் தோல்வி. வழக்கமாகப் பேசும் நான்கு பேர் பேசுவார்கள், மீதிப் பேர் கைதட்டுவார்கள். தொப்பி முறையில் துறைமுகத்தைத் திட்டுகிற பிள்ளையும் சற்று நேரம் அதன் பயனைத் தேடியாக வேண்டும். அந்தக் கட்டாயம்தான் எனக்குப் பிடித்தது.

டீச்சருக்கு: ஆறையும் ஒரே நாளில் போட வேண்டும் என்று விதி கிடையாது, வரிசையும் நம் விருப்பம்தான். வீடு இழந்த பிள்ளை இருக்கும் வகுப்பில் சிவப்பை முதலில் வைத்திருக்க வேண்டும். சிவப்பில் காரணம் சொல்லத் தேவையில்லை, யாரும் மறுத்துப் பேசவும் கூடாது. மனதில் இருப்பதை இறக்கி வைத்த பிறகு அவனால் மஞ்சளைக் காதில் வாங்க முடிந்திருக்கும்.

கெடிலக்கரை
மனப்பாடப் பட்டிமன்றம் பற்றிச் சொன்னது உண்மைதான், மறுக்கவில்லை. நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் இப்போது நீங்களும் அதே தவறைச் செய்கிறீர்கள். டீச்சர் அவனைக் கறுப்பில் போட்டார், நீங்கள் சிவப்பில் போடுகிறீர்கள். தாத்தா வீடு கடலில் போனது உணர்ச்சியா? அது தகவல். வெள்ளைத் தொப்பியில் முதல் வரியாக எழுதப்பட வேண்டியது. பாடநூலில் இருந்தால் தகவல், மீனவர் வீட்டுப் பிள்ளை சொன்னால் உணர்ச்சி என்று யார் பிரித்தது?

முந்திரித்தோப்பு
இது எனக்குத் தோன்றவில்லை ஐயா. ஆனாலும் முறையைத் தூக்கி எறிய இது காரணமாகாது. வெள்ளைக்குள் என்ன வரலாம் என்பதை விரிக்கத்தான் சொல்கிறது.

பாகூர் ஏரிக்கரை
இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். அவனைத் தனியே கூப்பிட்டு, உட்காரச் சொன்னது தவறு என்றேன். தோளைக் குலுக்கினான். பிறகு என் நோட்டை வாங்கிப் படம் போட்டான். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தண்ணீர் தெற்கிலிருந்து ஓடும், மணலும் கூடவே வரும். சுவர் அதை மறித்துக்கொண்டது. தெற்கே வீராம்பட்டினம் பக்கம் மணல் சேர்ந்தது, எங்களுக்குக் கல் வந்தது என்றான். வாடைக்காலத்தில் ஓட்டம் திரும்பும், ஆனால் அப்போது வருவது குறைவு என்பதையும் சேர்த்துக்கொண்டான். என் வெள்ளைத் தொப்பிப் பட்டியலில் இருந்ததோ கட்டிய காலமும் கல் கொட்டிய இடமும்தான். ஏன் அரித்தது என்பது அதில் இல்லவே இல்லை.

அடுத்த வாரம் வெள்ளை மட்டும், ஒரு பாடவேளை முழுவதும். படத்தை அவனே கரும்பலகையில் போடுகிறான். மஞ்சளை அதன் பிறகு பார்க்கலாம்.

கெடிலக்கரை
வகுப்பறைக்குள் ஏன்? வீராம்பட்டினத்துக்குக் கூட்டிப் போங்கள்.

பாகூர் ஏரிக்கரை
பஸ்ஸுக்கும் பெற்றோர் கையெழுத்துக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன் ஐயா. தலைமையாசிரியர் இன்னும் நீலத் தொப்பியைக் கழற்றவில்லை.